கேஸ் முடிஞ்சுதா, வாரண்ட் இருக்குதா? நாமே பார்த்துத் தெரிந்துகொள்வோம்!

(உத்திரமேரூர் வட்டக் கிளைகளின் கூட்டத்தில் சங்கச் செயலாளர் பேசியது)



கொள்முதல் நிலையத்தைப் பற்றியும் யூரியாவைப் பற்றியும் எனக்கு முன்னால் பேசியவர்கள் பேசிவிட்டார்கள். நான் இன்றைக்கு வேறு விஷயம் பேசப் போகிறேன். ஒரு தப்பை ஒத்துக்கொண்டுதான் ஆரம்பிக்க வேண்டும். அந்தத் தப்பைச் செய்தவன் நான்.

2017-ல் நெல் மூட்டைகளைப் போட்டுவிட்டு நாள்கணக்கில் காத்துக் கிடந்தோம், எடை போட ஆள் இல்லை, சாக்கு இல்லை என்று ரோட்டில் உட்கார்ந்தோம். உங்களில் பலர் அன்றைக்கு இருந்தவர்கள். 14 பேர் மேல் கேஸ் போட்டார்கள். சாயங்காலம் மண்டபத்திலிருந்து விட்டுவிட்டார்கள், நாமும் அதோடு மறந்துவிட்டோம். அப்புறம் சம்மன் வந்தது, நாலைந்து வாய்தாவுக்குப் போனோம். கொரோனா வந்தது, கோர்ட் மூடினார்கள். 2021 செப்டம்பரில் பேப்பரில் பெரிய எழுத்தில் செய்தி வந்தது: போராட்டக்காரர்கள் மேல் போட்ட 5,570 வழக்குகளை வாபஸ் வாங்குகிறது அரசு. நான் அந்தப் பேப்பரை டீக்கடையில் உரக்கப் படித்தேன். படித்துவிட்டு, "நம்ம கேசும் போச்சுப்பா, இனிமே வாய்தாவுக்கு அலைய வேணாம்" என்று சொன்னேன். செயலாளர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று 14 பேரும் போகவில்லை.

கோர்ட்டில் பெயர் கூப்பிட்டிருக்கிறார்கள். ஆள் இல்லை. மறுபடி கூப்பிட்டிருக்கிறார்கள். ஆள் இல்லை. பிடிவாரண்ட் போட்டுவிட்டார்கள்.

நமக்கு அது எப்போது தெரிந்தது? சொர்ணவாரி அறுப்பு நேரத்தில் தெரிந்தது. 14 பேரில் மூத்தவர், அறுபது தாண்டியவர். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அறுப்பு மிஷினுக்குச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தவரைக் கூட்டிக்கொண்டு போனார்கள். ஜாமீனுக்கு ஆள் பிடித்து, காகிதம் தயார் செய்து வெளியே கொண்டுவர ஆறு நாள் ஆனது. மிஷின் வந்து நின்று பார்த்துவிட்டு அடுத்த ஊருக்குப் போய்விட்டது. அதற்குள் மழை. கழனியிலேயே நெல் சாய்ந்து முளைவிட்டது. அவர் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர் வீட்டம்மாதான் கேட்டார்கள், "ஏங்க செயலாளரே, நீங்கதானே கேஸ் இல்லைன்னு சொன்னீங்க?"

நான் என்ன பதில் சொல்வது? அந்தச் செய்தியைத் திரும்ப எடுத்துப் படித்தேன். அரசு சொன்னது எல்லாப் போராட்ட வழக்குகளையும் அல்ல. மூன்று வேளாண் சட்டங்களை எதிர்த்தவை, குடியுரிமைச் சட்டத்தை எதிர்த்தவை, மீத்தேன், நியூட்ரினோ, கூடங்குளம், சேலம் எட்டு வழிச்சாலை, இப்படிக் குறிப்பிட்ட போராட்டங்களின் வழக்குகள். கொள்முதல் நிலையத்துக்காக ரோட்டில் உட்கார்ந்த நம்ம கேஸ் அதில் எங்கே வருகிறது? சரி, அந்தப் பட்டியலில் இருக்கிற கேசாகவே இருந்தாலும், முதலமைச்சர் அறிவித்த அன்றைக்கே கேஸ் செத்துப்போவதில்லை. அரசு வக்கீல் கோர்ட்டில் வாபஸ் மனு போட வேண்டும். மாஜிஸ்திரேட் அதற்குச் சம்மதம் கொடுத்து உத்தரவு போட வேண்டும். பழைய சட்டத்தில் 321-வது பிரிவு, 2024 ஜூலை 1 முதல் வந்திருக்கிற புதுச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 360-வது பிரிவு. அந்த உத்தரவு வருகிற வரைக்கும் கேஸ் கட்டு கோர்ட் அலமாரியில் உயிரோடுதான் இருக்கும். நீங்கள் போகாவிட்டால் வாரண்ட் வரும்.

ஆகவே, அறிவிப்பை நம்பாதீர்கள், செயலாளரையும் நம்பாதீர்கள். கேஸ் நம்பரைப் பாருங்கள். எப்படிப் பார்ப்பது என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

அமெரிக்காவில் பல கவுண்டிகளில் ஷெரிப் அலுவலகமே யார் யார் மேல் வாரண்ட் இருக்கிறது என்று பெயர்ப் பட்டியலை இணையத்தில் போட்டு வைத்திருக்கிறார்களாம். யார் வேண்டுமானாலும் தட்டிப் பார்க்கலாம். நம்ம நாட்டில் பொதுமக்கள் அப்படிப் பார்க்கிற வாரண்ட் பட்டியல் கிடையாது. இருந்தால் நல்லதா என்று கேட்டால், எனக்கு முழுச் சம்மதம் இல்லை. மறியல் கேசில் பெயர் இருக்கிறவனையும் கொலைகாரனையும் ஒரே பட்டியலில் போட்டு ஊர் பார்க்க வைத்தால், பெண் கொடுக்க வருகிறவன் வாசலிலேயே திரும்பிப் போய்விடுவான். ஆனால் என் பேரில் வாரண்ட் இருந்தால் எனக்குத் தெரிய வேண்டாமா? அதற்கு வழி இருக்கிறது, கொஞ்சம் சுற்று வழி. வாரண்டை நேராகத் தேட முடியாது. கேசைத் தேடி, அது எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று பார்க்க வேண்டும்.

இ-கோர்ட்ஸ் என்று நீதிமன்றங்களுக்கான அரசு இணையதளம் இருக்கிறது, செல்போன் செயலியும் இருக்கிறது. காசு கிடையாது. நம்ம பிள்ளைகளுக்குக் காட்டினால் இரண்டு நிமிடத்தில் எடுத்துவிடுவார்கள். மாநிலம், மாவட்டம், எந்தக் கோர்ட் வளாகம் என்று தேர்ந்தெடுத்தால், கட்சிக்காரர் பெயரைப் போட்டும் தேடலாம், வழக்கு எண்ணைப் போட்டும் தேடலாம், காவல் நிலையமும் எப்.ஐ.ஆர். நம்பரும் போட்டும் தேடலாம். என் அனுபவத்தில் எப்.ஐ.ஆர். நம்பர்தான் சரியான வழி. பெயரைப் போட்டுத் தேடுவதில் சிக்கல் உண்டு. ஆங்கிலத்தில் எழுத வேண்டும், மூன்று எழுத்தாவது போட வேண்டும். சண்முகம் என்கிற பெயரை ஒரு ரைட்டர் எஸ்.எச். போட்டு எழுதியிருப்பார், இன்னொருத்தர் எஸ்.ஏ. போட்டு எழுதியிருப்பார். இரண்டையும் போட்டுப் பார்க்க வேண்டும். இனிஷியல் முன்னால் இருக்கலாம், பின்னால் இருக்கலாம். எந்த வருஷத்துக் கேஸ் என்றும் கேட்கும். எப்.ஐ.ஆர். வருஷமும் கோர்ட்டில் கேஸ் நம்பர் ஆன வருஷமும் ஒன்றாகவே இருக்கும் என்று நினைக்காதீர்கள். குற்றப்பத்திரிகை போட இரண்டு மூன்று வருஷம் ஆன கேசெல்லாம் உண்டு. நம்ம கேசே 2017 எப்.ஐ.ஆர்., கோர்ட் நம்பர் 2019.

இன்னொன்று. 2019 நவம்பரில் செங்கல்பட்டு தனி மாவட்டம் ஆனது. ஆகவே பழைய கேசுக்காரர்கள் காஞ்சிபுரத்தில் தேடிக் கிடைக்காவிட்டால் நிம்மதியாகப் படுத்துவிடாதீர்கள், செங்கல்பட்டு மாவட்டத்தையும் திறந்து பாருங்கள். டிராக்டர் கடன், பைனான்ஸ் என்று வெற்றுக் காசோலை கொடுத்திருக்கிறவர்கள் சென்னை கோர்ட்டுகளையும் பார்க்க வேண்டும். காசோலை திரும்பிய கேசில் சம்மன் பழைய விலாசத்துக்குப் போய், ஆள் இல்லை என்று திரும்பி, அப்புறம் வாரண்டாக வருவது நம்ம பக்கம் சாதாரணமாகிவிட்டது. மறியல் கேசை விட அதில் மாட்டுகிறவர்கள்தான் அதிகம் என்பது என் கணிப்பு.

கேஸ் கிடைத்துவிட்டால் அதில் அடுத்த வாய்தா தேதி இருக்கும், எதற்காக அந்த வாய்தா என்று ஒரு வரி இருக்கும். அந்த வரியைப் பாருங்கள். 'சம்மன்' என்று இருக்கலாம், 'வாரண்ட்' அல்லது 'என்.பி.டபிள்யூ.' என்று ஆங்கிலத்தில் இருக்கலாம். என்.பி.டபிள்யூ. என்றால் பிணையில் விட முடியாத பிடியாணை. ஒவ்வொரு வாய்தாவையும் தொட்டால் அன்றைக்கு என்ன நடந்தது என்றும் பல கேசுகளில் வரும். 16 எழுத்தும் எண்ணுமாக ஒரு சி.என்.ஆர். நம்பர் இருக்கும், அதைத் தனியாக நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை அதை மட்டும் போட்டால் போதும். கேஸ் முடிந்திருந்தால் 'டிஸ்போஸ்டு' என்று இருக்கும். ஒன்று சொல்கிறேன், இணையத்தில் பதிவு ஏற்றுவதும் மனுஷர்தான். விட்டுப்போகும், தாமதமாகும். அங்கே வாரண்ட் இல்லை என்பதாலேயே இல்லை என்று ஆகிவிடாது. கடைசி வார்த்தை கோர்ட்டில் இருக்கிற பதிவேடுதான்.

எப்.ஐ.ஆர். நம்பரே தெரியாதவர்களுக்கு: தமிழ்நாடு காவல்துறை இணையதளத்தில் எப்.ஐ.ஆர். பார்க்கிற பகுதி இருக்கிறது. மாவட்டம், காவல் நிலையம், வருஷம் போட்டால் கிடைக்கும். பாலியல் குற்றம் மாதிரி சில வழக்குகள் தவிர மற்ற எப்.ஐ.ஆர்.களை இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று 2016 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அதற்கு முந்தைய கேசுகளுக்குப் பழைய சம்மன், ஜாமீன் காகிதம் ஏதாவது பெட்டியில் கிடக்கிறதா என்று தேடுங்கள். குற்ற எண் என்று எழுதியிருக்கும்.

செல்போனில் தேட முடியாதவர்கள் கோர்ட்டுக்கே போகலாம். பல நீதிமன்ற வளாகங்களில் இ-சேவை மையம் வைத்திருக்கிறார்கள். ஆனால் வாரண்ட் இருக்குமோ என்று சந்தேகம் உள்ளவர் தானே போய் விசாரிப்பதை விட வக்கீலை அனுப்புவது நல்லது. வக்கீல் கேஸ் கட்டைப் பார்த்துவிடுவார், நகல் மனுவும் போடுவார். காவல் நிலையத்துக்குப் போய் "என் மேல வாரண்ட் இருக்குங்களா?" என்று கேட்டால் பதில் உடனே கிடைக்கும், ஆனால் திரும்பி வர முடியாது. தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கோர்ட் வில்லை ஒட்டி மாவட்ட காவல் கண்காணிப்பாளர் அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு மனுப் போடலாம். 30 நாள் ஆகும், ஆளைப் பிடிப்பதற்கு இடைஞ்சல் என்று சொல்லி மறுக்கவும் செய்வார்கள். வேறு வழியே இல்லாதபோதுதான் அது.

வாரண்ட் இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. ஓடாதீர்கள். மாமியார் ஊருக்குப் போய் மூன்று மாதம் இருந்துவிட்டு வந்தால் வாரண்ட் காலாவதியாகிவிடும் என்று ஒருத்தர் என்னிடமே சொன்னார். காலாவதி எல்லாம் கிடையாது. கோர்ட் ரத்து செய்கிற வரைக்கும், அல்லது ஆளைப் பிடிக்கிற வரைக்கும் அது அமலில் இருக்கும். பத்து வருஷமானாலும் இருக்கும். வக்கீலோடு நேராகக் கோர்ட்டுக்குப் போய் வாரண்டை ரத்து செய்யச் சொல்லி மனுப் போடுங்கள். ரீகால் மனு என்பார்கள். ஏன் வரவில்லை என்பதற்கு உண்மையான காரணத்தைச் சொல்லுங்கள், ஆஸ்பத்திரி சீட்டு இருந்தால் வையுங்கள். தானாக வந்து நிற்கிறவனைப் பார்க்கிற விதமும், போலீஸ் பிடித்துக்கொண்டு வருகிறவனைப் பார்க்கிற விதமும் வேறு. மாஜிஸ்திரேட்டின் இஷ்டம்தான், உத்தரவாதம் கொடுக்க முடியாது, ஆனால் நம்ம 14 பேரில் மீதி 13 பேருக்கும் அப்படித்தான் ரத்தானது.

தலைமறைவாகவே இருந்தால் என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், பயமுறுத்துவதற்காக அல்ல. கோர்ட் பிரகடனம் போடும். குறைந்தது 30 நாள் கெடு கொடுத்து, அதை ஊரில் பலர் கூடுகிற இடத்தில் படித்து, உங்கள் வீட்டுச் சுவரில் ஒட்டுவார்கள். அப்புறம் சொத்து ஜப்தி. வரி கட்டுகிற நிலமாக இருந்தால் கலெக்டர் மூலமாகவே ஜப்தி செய்யலாம் என்று சட்டத்தில் எழுதியிருக்கிறது. ஒரு நாள் மறியலுக்காக நஞ்சையைக் கோர்ட்டுக்கு எழுதிக் கொடுக்கப் போகிறோமா? உங்களுக்கு ஜாமீன் போட்டவரை நினையுங்கள். சொந்தக்காரர், பக்கத்துக் கழனிக்காரர், உங்களை நம்பிச் சிட்டாவும் வரி ரசீதும் கொடுத்துக் கையெழுத்துப் போட்டவர். நீங்கள் போகாவிட்டால் பணம் கட்டச் சொல்லி நோட்டீஸ் அவருக்குப் போகும்.

போலீஸ் வாரண்டோடு வீட்டுக்கு வந்தால், கைகலப்பு, கூச்சல் வேண்டாம். "வாரண்டைக் காட்டுங்க ஐயா" என்று மரியாதையாகக் கேளுங்கள். கேட்டால் காட்ட வேண்டும், அது சட்டம். எழுத்தில் இருக்க வேண்டும், நீதிபதி கையெழுத்தும் கோர்ட் முத்திரையும் இருக்க வேண்டும். பெயரோடு அப்பா பெயரையும் பாருங்கள். ஒரே ஊரில் ஒரே பெயரில் நாலு பேர் இருக்கிற நாடு இது. பிணையில் விடலாம் என்று அதிலேயே எழுதி, எத்தனை ரூபாய்க்கு, எத்தனை பேர் ஜாமீன் என்று குறித்திருந்தால், அந்த ஜாமீனைக் கொடுத்ததும் விட வேண்டும். எப்படியானாலும் 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்த வேண்டும், பயண நேரம் மட்டும் கழிவு. யாரைக் கைது செய்தோம், எங்கே வைத்திருக்கிறோம் என்று வீட்டுக்குச் சொல்ல வேண்டும். தாய்மார்கள் காதில் வாங்கிக்கொள்ளுங்கள்: பொழுது சாய்ந்த பிறகு விடிகிற வரைக்கும் பெண்களைக் கைது செய்யக் கூடாது. அசாதாரணமான காரணம் இருந்தால் மட்டும், மாஜிஸ்திரேட்டிடம் முன் அனுமதி வாங்கிப் பெண் போலீஸ் செய்யலாம்.

வக்கீலுக்குக் கொடுக்கக் காசில்லை என்பவர்கள் வட்ட சட்டப் பணிகள் குழுவுக்குப் போங்கள். பெண்கள், தாழ்த்தப்பட்டவர்கள், பழங்குடியினர், காவலில் இருப்பவர்கள், இவர்களுக்கெல்லாம் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் கொடுக்க வேண்டும். 15100 என்ற நம்பருக்குப் போன் செய்தால் வழி சொல்வார்கள்.

இப்போது வேறொரு கூத்து நடக்கிறது. போனில் வாரண்ட் அனுப்புகிறான். சிங்க முத்திரை போட்டு, நீதிபதி கையெழுத்து மாதிரி போட்டு, வாட்ஸ்அப்பில் அனுப்பி, "உன்னை டிஜிட்டல் அரெஸ்ட் பண்ணியிருக்கோம், பணத்தைப் போடு" என்கிறான். டிஜிட்டல் அரெஸ்ட் என்று எந்தச் சட்டத்திலும் கிடையாது. போலீஸ் விசாரணைக்குக் கூப்பிடுகிற நோட்டீசைக்கூட வாட்ஸ்அப்பில் அனுப்பக் கூடாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அப்படிப் பணம் போட்டுவிட்டால் உடனே 1930-க்குச் சொல்லுங்கள். இந்த போன்காரனுக்கு அண்ணன் ஒருத்தன் நம்ம ஊரிலேயே இருக்கிறான், புரோக்கர். "உன் பேர்ல வாரண்ட் கிடக்கு, பத்தாயிரம் கொடு, எடுத்துடறேன்" என்பான். வாரண்டை எடுக்கிற அதிகாரம் கோர்ட்டுக்கு மட்டும்தான். நமக்குத் தெரியவில்லை என்பதுதான் அவனுடைய முதல். கேஸ் நம்பரை எடுத்துப் பார்த்தீர்கள் என்றால் அவன் கடையைக் கட்ட வேண்டியதுதான்.

ரத்தான பிறகும் ஒரு வேலை இருக்கிறது. மும்பையில் ஒரு வக்கீல். அவர் மேல் போட்ட வாரண்டைக் கோர்ட் ரத்து செய்துவிட்டது. அப்படியும் 2002 ஆகஸ்ட் 15, சுதந்திர தினத்தன்று அவரைக் கைது செய்தார்கள். ரத்தாகிவிட்டது என்று அவர் சொன்னதைக் கேட்கவில்லை. வக்கீலுக்கே அந்தக் கதி. அந்த அதிகாரி கைக்காசில் 2,000 ரூபாய் கொடுக்க வேண்டும் என்று உயர் நீதிமன்றம் சொன்னது. 2011 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த வழக்கில் நாடு முழுமைக்கும் விதிகள் வகுத்தது. வாரண்டுகள் அச்சிட்ட, வரிசை எண் போட்ட படிவத்தில் இருக்க வேண்டும். ஒவ்வொரு கோர்ட்டிலும் வாரண்ட் பதிவேடு வைக்க வேண்டும், அதில் பதியாமல் வாரண்ட் வெளியே போகக் கூடாது. காவல் நிலையத்திலும் அதே மாதிரி ஒரு பதிவேடு. ரத்தானால் கேஸ் கட்டிலும் பதிவேட்டிலும் குறித்து, வாரண்டைத் திருப்பி அனுப்பும்படி காவல் நிலையத்துக்கு எழுத வேண்டும். அந்த ரத்து உத்தரவின் நகலைச் சம்பந்தப்பட்டவருக்கும் கொடுக்க வேண்டும். இதைக் கேட்டு வாங்குங்கள். வாங்கி மூன்று ஜெராக்ஸ் எடுங்கள், ஒன்று சட்டைப் பையில், ஒன்று வீட்டில், ஒன்று சங்கத்தில். நம்மவர்கள் ரேஷன் கார்டுக்குக் காட்டுகிற அக்கறையில் பாதியாவது இதற்குக் காட்ட வேண்டும்.

பழைய கேசு தானே, கிடந்துவிட்டுப் போகட்டும் என்று சில தம்பிகள் சொல்கிறீர்கள். செய்யாறு பக்கம் மேல்மாவைப் பாருங்கள். 2023 நவம்பரில் சிப்காட் விரிவாக்கத்துக்கு நிலம் தர மாட்டோம் என்று போராடிய விவசாயிகளைக் கைது செய்து, ஏழு பேர் மேல் குண்டர் சட்டம் போட்டார்கள். எதிர்ப்பு கிளம்பிய பிறகு ஆறு பேர் மேல் போட்டதைச் சில நாளில் அரசே திரும்ப வாங்கியது. குண்டர் சட்டத்துக்குக் கோர்ட் வாரண்ட் தேவையில்லை, கலெக்டர் உத்தரவு போதும். அந்த மாதிரி உத்தரவு எழுதும்போது ஆள் மேல் இருக்கிற பழைய கேசுகளை வரிசையாக எழுதுவார்கள். முடிக்காமல் விட்ட ஒவ்வொரு கேசும் அவர்கள் கையில் ஒரு கல்.

நம்ம ஊர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரைப் பார்க்க எங்கெங்கிருந்தோ வருகிறார்கள். ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் பராந்தக சோழன் காலத்தில், யார் சபைக்கு வரலாம், யார் வரக்கூடாது, ஓலையை எப்படிக் குடத்திலிருந்து எடுத்து எல்லோர் முன்னிலையிலும் படிக்க வேண்டும் என்று கல்லில் வெட்டி வைத்தார்கள். அந்த ஊர்க்காரன் இன்றைக்குத் தன் மேல் வாரண்ட் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளப் புரோக்கர் வீட்டு வாசலில் நிற்கிறான்.

சங்கம் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. கைது செய்யப்பட்டவர்களின் பெயர், விலாசம், என்ன குற்றம் என்பதை ஒவ்வொரு காவல் நிலையத்திலும் மாவட்டத் தலைமையிடத்திலும் எல்லோரும் பார்க்கிற மாதிரி வைக்க வேண்டும் என்று புதுச் சட்டத்தின் 37-வது பிரிவு சொல்கிறது. அதை அப்படியே செய்யுங்கள் என்கிறோம். வாபஸ் வாங்கியதாக அறிவித்த வழக்குகளைக் காவல் நிலையம், குற்ற எண் வாரியாகப் பட்டியல் போட்டுத் தாலுகா ஆபீசில் ஒட்டுங்கள் என்கிறோம். விவசாயக் கோரிக்கைக்காகப் போட்ட மறியல் வழக்குகளையும் அந்த வாபசில் சேருங்கள், சேர்த்தால் கோர்ட்டில் மனுப் போட்டு முடியுங்கள் என்கிறோம். நவம்பர் 1 கிராம சபையில் ஒவ்வொரு ஊரிலும் இதைத் தீர்மானமாகக் கொண்டுவர வேண்டும். தீர்மான நகல் கிளைச் செயலாளர்களிடம் கொடுத்திருக்கிறோம். தலைவர் வாங்க மறுத்தால் அன்றைக்கே எனக்குத் தகவல் சொல்லுங்கள்.

வருகிற இரண்டு ஞாயிற்றுக்கிழமையும் காலை பத்து மணியிலிருந்து சங்க ஆபீசில் இரண்டு பிள்ளைகள் செல்போனோடு உட்கார்ந்திருப்பார்கள். ஒரு வக்கீல் தம்பியும் வருவார், பார்த்துச் சொல்வதற்குக் காசு வாங்க மாட்டார். பழைய சம்மன், ஜாமீன் காகிதம், பைனான்ஸ் நோட்டீஸ், எது இருந்தாலும் எடுத்து வாருங்கள். ஒன்றுமே இல்லாவிட்டால் ஆதாரில் இருக்கிறபடி பெயரும் அப்பா பெயரும், எந்த வருஷம் எந்த இடத்தில் மறியல் என்பதும் போதும். அடுத்தவருக்கு ஜாமீன் போட்டவர்களும் கண்டிப்பாக வர வேண்டும். 2017 மறியலில் நம்மோடு உட்கார்ந்துவிட்டு இப்போது ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கம்பெனி வேலைக்குப் போய்விட்ட பிள்ளைகள் மேலும் வேறு கேசுகள் இருக்கிறதாகக் கேள்வி. அவர்கள் வீட்டுப் பெரியவர்கள் இன்றைக்கு ராத்திரியே போன் போட்டுச் சொல்லிவிடுங்கள்.